மூத்த குடிமக்களுக்கான வருமான வரி ரீஃபண்ட்: பிடித்த டிடிஎஸ்ஸைத் திரும்ப வாங்குவது எப்படி?

ஒரு கணக்கைப் பார்ப்போம். 68 வயதுக்காரர், தனியார் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பி.எஃப். அலுவலகத்திலிருந்து மாதம் 2,000 ரூபாய் பென்ஷன். ஓய்வுப் பணத்தில் 30 லட்சத்தை அஞ்சலகத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டிருக்கிறார். 8.2 சதவீத வட்டியில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500, ஆண்டுக்கு 2,46,000 ரூபாய் வருகிறது. மீதியை வங்கியில் எஃப்டி போட்டதில் ஆண்டுக்கு 1,50,000 ரூபாய் வட்டி. அஞ்சலகம் 24,600, வங்கி 15,000 என மொத்தம் 39,600 ரூபாயை டிடிஎஸ் (வட்டி கைக்கு வருமுன்பே கழிக்கும் வரி) என்று பிடித்துவிட்டார்கள்.

இவர் உண்மையில் கட்ட வேண்டிய வரி ஒரு ரூபாய்கூட இல்லை. பென்ஷன் 24,000 முழுதும், பென்ஷன் வாங்குபவருக்குச் சட்டம் தரும் நிலையான கழிவில் போய்விடுகிறது. மிச்சம் 3,96,000 ரூபாய் வட்டி. வரி கணக்கிட நாம் தேர்ந்தெடுக்கக்கூடிய பழையது, புதியது என்ற இரண்டு முறைகளில், புதிய வரி முறையில் 4 லட்சம் வரை வரியே கிடையாது. அப்படியானால் அந்த 39,600 ரூபாயும் அவருடைய பணம்தான். ஆனால் அது தானாக வந்து சேராது. ஐடிஆர் (வருமான வரிக் கணக்கு அறிக்கை) தாக்கல் செய்து கேட்டால்தான் வரும். இவர் ஐடிஆர் போட்டே ஆக வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவும் இல்லை என்பதால் யாரும் அவருக்கு நினைவூட்டப் போவதில்லை. இப்படிக் கேட்காமலே விட்டுவிடுகிறவர்களை நினைத்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை. மருந்துக்கும் மளிகைக்கும் ஆகிற பணம் அது.

இந்த வழிகாட்டி 2025 ஏப்ரல் முதல் 2026 மார்ச் வரையிலான வருமானத்துக்கானது. ஐடிஆர் படிவத்தில் இதற்கு மதிப்பீட்டு ஆண்டு 2026-27 என்று தேர்ந்தெடுக்க வேண்டும். 2026 ஏப்ரல் 1 முதல் கிடைக்கும் வருமானத்துக்குப் புதிய வருமான வரிச் சட்டம், 2025 பொருந்தும். அதில் பிரிவு எண்களும் படிவ எண்களும் மாறுகின்றன. நீங்கள் இப்போது ரீஃபண்ட் கேட்கப்போகிற பணம் பழைய சட்டத்தின் கீழ் பிடிக்கப்பட்டது. அதனால் இங்கே பழைய எண்களையே சொல்கிறேன்.

உங்களுக்கு வரி உண்டா, இல்லையா

அந்த நிதியாண்டில் ஏதாவது ஒரு நாளில் 60 வயது நிறைந்திருந்தால் மூத்த குடிமகன்; 80 நிறைந்திருந்தால் அதிமூத்த குடிமகன். பழைய வரி முறையில் இந்த வயதுக்குத் தனி மரியாதை உண்டு: 60க்கு மேல் 3 லட்சம் வரையும், 80க்கு மேல் 5 லட்சம் வரையும் வரி இல்லை. புதிய முறையில் எல்லா வயதினருக்கும் ஒரே வரம்பு, 4 லட்சம்.

வயதுச் சலுகை போய்விட்டதே என்று கவலைப்பட வேண்டாம். புதிய முறையில் மொத்த வருமானம் 12 லட்சம் வரை இருந்தால், 87ஏ பிரிவின் கீழ் 60,000 ரூபாய் வரை தள்ளுபடி கிடைத்து வரி பூஜ்யமாகிவிடுகிறது. பென்ஷன் வாங்குபவருக்கு அதற்கு முன்பே 75,000 ரூபாய் நிலையான கழிவு உண்டு. ஆக, பென்ஷனும் வட்டியும் மட்டும் உள்ளவருக்கு ஆண்டுக்கு 12.75 லட்சம் வரை வரி இல்லை. குடும்பப் பென்ஷன் என்றால் கணக்கு வேறு. மூன்றில் ஒரு பங்கு அல்லது 25,000, இரண்டில் எது குறைவோ அதுதான் கழிவு.

பழைய முறையில் 80டிடிபி (80TTB) பிரிவின் கீழ் வங்கி, அஞ்சலக வட்டிக்கு 50,000 ரூபாய் வரை விலக்கு, 80டி-யில் மருத்துவக் காப்பீட்டுக்கு 50,000 வரை, 80சி-யில் 1.5 லட்சம் எல்லாம் உண்டு. காப்பீடு எடுக்காத மூத்த குடிமக்கள் மருத்துவச் செலவையே 80டி-யில் காட்டலாம், ரொக்கமாகக் கொடுக்காத செலவாக இருந்தால். இவை எதுவும் புதிய முறையில் இல்லை. ஆனாலும் 12 லட்சத்துக்குள் வட்டியும் பென்ஷனும் மட்டும் உள்ள பெரியவர்கள் பழைய முறையைப் பற்றி யோசிக்கவே தேவையில்லை என்பது என் கருத்து. வரி பூஜ்யம் என்று ஆன பிறகு பில்களைத் தேடி அலைவதில் அர்த்தம் இல்லை.

ஒரே ஒரு விதிவிலக்கு: பங்குகளையோ பங்கு சார்ந்த மியூச்சுவல் ஃபண்டையோ விற்று லாபம் பார்த்திருந்தால், அந்த லாபத்துக்கான தனி விகித வரியை 87ஏ தள்ளுபடி மூடாது. அப்படிப்பட்டவர்கள் இரண்டு முறையிலும் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத் தேர்ந்தெடுங்கள். பழைய முறை வேண்டுமென்றால் கெடு தேதிக்குள் தாக்கல் செய்தாக வேண்டும். தாமதமாகப் போட்டால் புதிய முறைதான்.

படி 1: எவ்வளவு பிடித்தார்கள் என்று பாருங்கள்

2025 ஏப்ரல் முதல், ஒரு வங்கியில் மூத்த குடிமகனின் ஆண்டு வட்டி 1 லட்சத்தைத் தாண்டினால் 10 சதவீதம் டிடிஎஸ் பிடிக்கப்படும். அதற்கு முன்பு இந்த வரம்பு 50,000தான். பான் எண் கொடுக்காவிட்டாலும், ஆதாருடன் இணைக்காமல் பான் செயலிழந்து போயிருந்தாலும் 20 சதவீதம் பிடிப்பார்கள். 80 வயது நிறைந்தவர்களுக்கு ஆதார் இணைப்புக் கட்டாயம் இல்லை. மற்றவர்கள் 1,000 ரூபாய் கட்டி இணைத்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும். பான் செயலிழந்திருக்கும்வரை ரீஃபண்ட் வராது.

வருமான வரித்துறையின் இ-ஃபைலிங் தளத்தில் நுழைந்து 26ஏஎஸ், ஏஐஎஸ் என்ற இரண்டையும் பதிவிறக்குங்கள். 26ஏஎஸ் என்பது உங்கள் பான் எண்ணில் யார் எவ்வளவு டிடிஎஸ் பிடித்துக் கட்டினார்கள் என்ற பட்டியல். ஏஐஎஸ்-ஸில் சேமிப்புக் கணக்கு வட்டி, டிவிடெண்ட், பங்கு விற்பனை எல்லாம் விரிவாக இருக்கும். வங்கியில் 16ஏ என்ற டிடிஎஸ் சான்றிதழையும் வட்டிச் சான்றிதழையும் கேட்டு வாங்குங்கள். பென்ஷனில் வரி பிடித்திருந்தால் பென்ஷன் வழங்கும் வங்கியோ கருவூலமோ படிவம் 16 தர வேண்டும். சான்றிதழில் உள்ள தொகையும் 26ஏஎஸ்-ஸில் உள்ள தொகையும் ஒன்றாக இருக்கிறதா என்று காலாண்டு வாரியாகச் சரிபாருங்கள். வரித்துறை நம்புவது 26ஏஎஸ்-ஸைத்தான். அங்கே இல்லாத டிடிஎஸ்ஸைக் கேட்டால் ரீஃபண்ட் நின்றுபோகும்.

இதனால்தான் ஏப்ரல், மே மாதங்களில் அவசரப்பட்டுத் தாக்கல் செய்யாதீர்கள் என்கிறேன். ஜனவரி முதல் மார்ச் வரையிலான டிடிஎஸ் விவரத்தை வங்கிகள் தாக்கல் செய்ய மே 31 வரை நேரம் உண்டு. ஜூன் நடுவில்தான் 26ஏஎஸ் முழுமையாகும்.

இங்கே அதிகம் சிக்கல் வரும் இடங்கள் மூன்று. முதலாவது, கூட்டுக் கணக்கு. டிடிஎஸ் முதல் பெயருக்குரியவரின் பான் எண்ணில்தான் ஏறும். எஃப்டி அம்மாவின் பெயரில் தொடங்கி இரண்டாவதாக அப்பா இருந்தால், ரீஃபண்ட் அம்மாவின் ஐடிஆரில்தான் கேட்க முடியும். அம்மாவுக்குத் தனியாக ஐடிஆர் போடாமல் விட்டால் அந்தப் பணம் அப்படியே நின்றுவிடும். (அந்த எஃப்டி அப்பா கொடுத்த பணத்தில் போட்டது என்றால் வட்டியை அப்பாவின் வருமானத்தில் சேர்க்கச் சொல்கிறது சட்டம். அப்போது ஒரு ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.)

இரண்டாவது, முதிர்வில் மொத்தமாகப் பணம் தரும் எஃப்டி. ஐந்து வருடம் கழித்துத்தானே கைக்கு வரும் என்று நினைப்போம். வங்கியோ ஒவ்வொரு ஆண்டும் சேர்ந்த வட்டிக்கு அந்தந்த ஆண்டே டிடிஎஸ் பிடிக்கிறது. எனவே வட்டியையும் அந்தந்த ஆண்டே ஐடிஆரில் காட்டி டிடிஎஸ்ஸைக் கேட்டுவிடுங்கள். கடைசி ஆண்டுக்குத் தள்ளிப்போட்டால் அந்த ஆண்டு வருமானம் திடீரென்று ஏறிக் காட்டும், டிடிஎஸ்ஸோ வேறு ஆண்டுகளில் சிதறிக் கிடக்கும்.

மூன்றாவது, தவறான பான் எண். அஞ்சலகத்திலோ வங்கியிலோ ஓர் எழுத்து மாறியிருந்தாலும் பணம் வேறு யாருடைய 26ஏஎஸ்-ஸிலோ போய் உட்கார்ந்திருக்கும். இதை நீங்கள் ஐடிஆரில் சரிசெய்ய முடியாது. பிடித்தவர்கள்தான் தங்கள் டிடிஎஸ் அறிக்கையைத் திருத்த வேண்டும். எழுத்தில் கொடுத்து, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 2: வங்கிக் கணக்கும் பெயரும்

ரீஃபண்ட் காசோலையாக வருவதில்லை, நேராக வங்கிக் கணக்குக்குப் போகும். அந்தக் கணக்கைத் தளத்தில் உங்கள் சுயவிவரப் பக்கத்தில் சேர்த்து, முன்சரிபார்ப்பு (கணக்கு உங்களுடையதுதானா என்று தளம் பார்ப்பது) முடித்து, ரீஃபண்டுக்கு என்று குறித்து வைக்க வேண்டும்.

நம் ஊரில் இங்கேதான் இனிஷியல் வந்து நிற்கிறது. பான் அட்டையில் இனிஷியலை விரித்து அப்பா பெயரோ கணவர் பெயரோ முழுதாக வந்திருக்கும்: 'கமலா சுப்பிரமணியன்'. வங்கியில் 'எஸ். கமலா'. ஆதாரில் வெறும் 'கமலா'. மனிதக் கண்ணுக்கு மூன்றும் ஒருவர்தான். கணினி ஒப்புக்கொள்ளாமல் முன்சரிபார்ப்பு தோல்வி என்று சொல்லலாம். சுலபமான வழி, பான் அட்டை நகலுடன் வங்கிக்குப் போய் கேஒய்சி-யைப் புதுப்பித்து, கணக்கின் பெயரை பான் அட்டையில் உள்ளபடி மாற்றச் சொல்வது. பிறந்த தேதியையும் அப்போதே பார்த்துவிடுங்கள். பள்ளியில் குத்துமதிப்பாகப் போட்ட தேதி ஓரிடத்தில், ஆதாரில் வேறொன்று என்று இருந்தால் பான்-ஆதார் இணைப்பும் நடக்காது, வங்கியில் மூத்த குடிமகன் என்ற பதிவும் ஏறாது.

பழைய ஐஎஃப்எஸ்சி குறியீடும் ரீஃபண்டைத் திருப்பி அனுப்பிவிடும். கரூரின் லட்சுமி விலாஸ் வங்கி 2020 நவம்பரில் டிபிஎஸ் வங்கியுடன் இணைந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியுடனும், சிண்டிகேட் வங்கி கனரா வங்கியுடனும் சேர்ந்தன. அந்த நாளில் தளத்தில் பதிந்த கணக்கு இன்னும் அப்படியே இருந்தால் இப்போதே மாற்றுங்கள்.

கணக்கு விவரங்களைச் சேர்க்கும்போதே கைபேசி எண்ணும் மின்னஞ்சலும் யாருடையது என்று பாருங்கள். முன்பு ஐடிஆர் போட்டுக் கொடுத்தவர் தன் எண்ணையே போட்டிருந்தால், துறை அனுப்பும் ஒவ்வொரு கடிதமும் அவருக்குத்தான் போகும், உங்களுக்கு எதுவும் தெரியாது. பிள்ளைகள் வெளிநாட்டில் இருந்தாலும் முதன்மை எண்ணாகப் பெரியவரின் எண்ணை வையுங்கள். பிள்ளையின் எண் இரண்டாவதாக இருக்கட்டும்.

படி 3: ஐடிஆர்-1 தாக்கல்

பென்ஷன், ஒரு வீடு, வட்டி, டிவிடெண்ட் மட்டும் இருந்து வருமானம் 50 லட்சத்துக்குள் என்றால் சஹஜ் எனப்படும் ஐடிஆர்-1 போதும். தளத்தில் பயனர் பெயர் உங்கள் பான் எண்தான். தள முகவரி கவ்.இன் (gov.in) என்று முடிகிறதா என்று பார்த்துவிட்டு உள்ளே போங்கள்.

1. இ-ஃபைல் பகுதியில் ஐடிஆர் தாக்கல் என்பதைத் தேர்ந்தெடுத்து, மதிப்பீட்டு ஆண்டு 2026-27, ஆன்லைன் முறை, தனிநபர், ஐடிஆர்-1 என்று வரிசையாகக் கொடுங்கள்.

2. எதற்காகத் தாக்கல் செய்கிறீர்கள் என்று கேட்கும். வருமானம் வரி விலக்கு வரம்புக்குள் (புதிய முறையில் 4 லட்சம்) இருந்து ரீஃபண்டுக்காக மட்டும் போடுகிறீர்கள் என்றால் 'மற்றவை' என்று குறியுங்கள். பிடித்த டிடிஎஸ் 50,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் என்றால் மூத்த குடிமக்களும் தாக்கல் செய்வது கட்டாயம்.

3. பென்ஷன், வட்டி, டிடிஎஸ் எல்லாம் முன்பே நிரப்பப்பட்டிருக்கும். அதை அப்படியே நம்பி ஓகே கொடுக்காதீர்கள். கையில் உள்ள சான்றிதழ்களுடன் ஒவ்வொரு வரியையும் ஒப்பிடுங்கள். டிடிஎஸ் பிடிக்காத வட்டியும் வருமானம்தான். சேமிப்புக் கணக்கு வட்டி சின்னத் தொகை என்று விட்டுவிடாதீர்கள். ஏஐஎஸ்-ஸில் அது துறையின் கண் முன்னாலேயே இருக்கிறது.

4. கடைசிப் பக்கத்தில் ரீஃபண்ட் தொகை தெரியும். நீங்கள் முதலில் போட்ட கணக்கோடு பொருந்துகிறதா? சரி, அனுப்பிவிடுங்கள்.

கெடு 2026 ஜூலை 31. தவறிவிட்டால் டிசம்பர் 31 வரை தாமதக் கட்டணத்துடன் போடலாம்: வருமானம் 5 லட்சம் வரை 1,000 ரூபாய், அதற்கு மேல் 5,000. மொத்த வருமானம் 4 லட்சம் என்ற வரி விலக்கு வரம்புக்குள் இருந்தால் கட்டணமே இல்லை. தாமதமாகப் போட்டாலும் ரீஃபண்ட் உண்டு, ஆனால் அதற்கான வட்டி குறையும்.

தொழில் வருமானம் இல்லாத மூத்த குடிமக்கள் முன்கூட்டிய வரி கட்ட வேண்டியதில்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். வரி பாக்கி என்று வந்தால் தாக்கலின்போது கட்டினால் போதும்.

படி 4: இ-வெரிஃபை செய்யாவிட்டால் தாக்கலே இல்லை

அனுப்பியதோடு முடிந்தது என்று கணினியை மூடிவிடுகிறவர்கள் நிறைய. 30 நாளுக்குள் சரிபார்ப்பு முடிக்க வேண்டும். சுலபமானது ஆதார் ஓடிபி. ஆனால் ஆதாரில் பதிந்த எண் எப்போதோ தொலைந்த சிம்மாகவோ, வெளியூரில் இருக்கும் மகளின் எண்ணாகவோ இருக்கலாம். நெட் பேங்கிங் வழியாக நுழைந்தும் வெரிஃபை செய்யலாம். முன்சரிபார்த்த வங்கிக் கணக்கு வழியாகக் கைபேசிக்கு வரும் ஈவிசி என்ற சரிபார்ப்பு எண்ணாலும் முடியும். இது எதுவும் ஆகவில்லையா? ஐடிஆர்-வி என்ற ஒரு பக்கத் தாளை அச்சிட்டு, நீல மையில் கையெழுத்துப் போட்டு, பெங்களூரு 560500 என்ற பின்கோடில் உள்ள மத்தியச் செயலாக்க மையத்துக்கு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். அந்தத் தாள் 30 நாளுக்குள் அங்கே போய்ச் சேர வேண்டும்.

தாக்கலுக்குப் பிறகு

143(1) என்ற அறிவிப்பு மின்னஞ்சலில் வரும். இரண்டு பத்திகளில் நீங்கள் சொன்ன தொகையும் துறை கணக்கிட்ட தொகையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். வித்தியாசம் இருந்தால் எந்த வரியில் என்று பாருங்கள். பெரும்பாலும் டிடிஎஸ் பொருந்தாததுதான் காரணமாக இருக்கும். 26ஏஎஸ் பிறகு சரியாகிவிட்டால் திருத்த மனு போட்டால் போதும். பழைய ஆண்டுப் பாக்கியில் ரீஃபண்டைக் கழிக்கப்போவதாக 245 பிரிவில் நோட்டீஸ் வந்தால், கொடுத்த கெடுவுக்குள் பதில் சொல்லுங்கள். பேசாமல் இருந்தால் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்வார்கள். 'ரீஃபண்ட் ஃபெயில்டு' என்று காட்டினால் வங்கி விவரத்தைச் சரிசெய்து மறுவழங்கல் கோரிக்கை கொடுக்க வேண்டும். மறுபடி ஐடிஆர் போட வேண்டியதில்லை.

ரீஃபண்டுக்கு மாதம் அரை சதவீதம் வட்டி உண்டு. கெடுவுக்குள் தாக்கல் செய்தவருக்கு ஏப்ரல் 1 முதல் கணக்கு, தாமதமானவருக்குத் தாக்கல் செய்த நாளிலிருந்து. மேலே பார்த்த 39,600 ஆகஸ்டில் வந்தால் ஐந்து மாதத்துக்கு 990 ரூபாய் கூடுதலாக வரும். அந்த 990 அடுத்த ஆண்டு வருமானத்தில் சேரும்.

முந்தைய ஆண்டுகளில் கேட்காமல் விட்ட டிடிஎஸ்ஸுக்கும் வழி இருக்கிறது. 'அப்டேட்டட் ரிட்டர்ன்' போட்டால் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அதில் ரீஃபண்ட் கேட்கவே முடியாது. 119(2)(பி) பிரிவின் கீழ், தாமதத்தை மன்னிக்கக் கோரி தளத்திலேயே விண்ணப்பிக்கலாம். அந்த மதிப்பீட்டு ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுகளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். ஏன் தாமதம் என்று உண்மையான காரணத்தை எழுதுங்கள். மருத்துவமனை டிஸ்சார்ஜ் சம்மரி போன்ற ஆதாரம் இருந்தால் இணைத்துவிடுங்கள்.

உதவி எங்கே கிடைக்கும்

80 வயது தாண்டியவர்கள் ஐடிஆர்-1-ஐ காகிதத்திலேயே நிரப்பிக் கொடுக்கலாம். 75 தாண்டியவர்களுக்கு, பென்ஷனும் வட்டியும் ஒரே வங்கியில் மட்டும் வந்தால், 12பிபிஏ என்ற உறுதிமொழியை அந்த வங்கியில் கொடுத்தால் வங்கியே வரியைக் கணக்கிட்டுப் பிடிக்கும், ஐடிஆர் தேவையில்லை. ஆனால் அஞ்சலகத்தில் ஒரு வைப்பு இருந்தாலும் இந்தச் சலுகை பொருந்தாது. எனவே பலருக்குப் பயன்படாது. படுக்கையில் இருப்பவருக்காக வேறொருவர் செயல்படவும் தளத்தில் வசதி உண்டு, அதற்குப் பவர் பத்திரம் வேண்டும்.

தளம் பற்றிய சந்தேகத்துக்கு இலவச எண்கள் 1800 103 0025, 1800 419 0025. நேரில் போக, சென்னையில் நுங்கம்பாக்கம் மகாத்மா காந்தி சாலையில் ஆயகர் பவன் இருக்கிறது. மற்ற ஊர்களில் அந்தந்த வருமான வரி அலுவலகத்தில் ஆயகர் சேவா மையம் எங்கே என்று கேளுங்கள்.

பணம் கொடுத்துச் செய்வதானால் ஒரே தொகையாகக் கட்டணம் வாங்குபவரிடம் போங்கள். 'ரீஃபண்டில் இத்தனை சதவீதம்' என்று பேசுபவரிடம் போகவே வேண்டாம். ரீஃபண்டைப் பெரிதாக்க இல்லாத நன்கொடை, இல்லாத வீட்டு வாடகை எல்லாம் எழுதிவிடுவார்கள். 2025 ஜூலையில் இப்படிப்பட்ட போலிக் கழிவுகளைத் தேடி வரித்துறை தமிழ்நாடு உள்பட நாடெங்கும் 150 இடங்களில் சோதனை போட்டது. நோட்டீஸ் வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் ஏஜென்ட் அல்ல, நீங்கள். அப்புறம், 'உங்கள் ரீஃபண்ட் தயார், இந்த லிங்கைத் தொடுங்கள்' என்று வரும் எஸ்எம்எஸ். ரீஃபண்ட் தருவதற்காகத் துறை யாரிடமும் ஓடிபி-யோ ஏடிஎம் பின் எண்ணோ கேட்பதில்லை. உண்மையான நிலவரம் தளத்துக்குள் நீங்களே நுழைந்தால் தெரியும்.

அடுத்த ஆண்டு பிடிக்காமல் இருக்க

வரி பூஜ்யம் என்று தெரிந்தவர்கள் ஏப்ரலிலேயே டிடிஎஸ் பிடிக்க வேண்டாம் என்ற உறுதிமொழியைக் கொடுக்க வேண்டும். இத்தனை நாள் அது 15எச். புதிய சட்டத்தில் எண் மாறினாலும் 'வட்டிக்கு டிடிஎஸ் பிடிக்க வேண்டாம் என்று கொடுக்கும் படிவம்' என்று கேட்டால் கவுன்டரில் புரியும். 87ஏ தள்ளுபடிக்குப் பிறகு வரி பூஜ்யமாகிறவர்களும் கொடுக்கலாம். ஒவ்வொரு வங்கிக்கும் தனித்தனியாக, அஞ்சலகத்துக்கும் தனியாக, ஆண்டுதோறும் கொடுக்க வேண்டும். நடுவில் புது எஃப்டி போட்டால் இதுவும் சேர்ந்துவிட்டதா என்று கேளுங்கள். பென்ஷனில் பிடிப்பதை இந்தப் படிவம் நிறுத்தாது. அதற்குப் பென்ஷன் வழங்கும் இடத்தில் நீங்கள் எந்த வரி முறை என்பதைச் சொல்ல வேண்டும்.

ரீஃபண்டுக்கு உரியவர் காலமாகிவிட்டால்

இறந்த நாள் வரையிலான வருமானத்துக்கு வாரிசு ஐடிஆர் போட்டு ரீஃபண்ட் வாங்கலாம். வாரிசு தன் பான் எண்ணில் நுழைந்து, இறந்தவருக்கான சட்டப்படி வாரிசாகப் பதிய வேண்டும். இறப்புச் சான்றிதழ், இறந்தவரின் பான், வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றிதழ் ஆகியவை தேவை. வாரிசுகள் பலர் என்றால் ஒருவர் பதிந்து, மற்றவர்களின் சம்மதத்தை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. இறந்தவரின் எஃப்டி-க்களை வாரிசு பெயருக்கு மாற்றும்போதே வட்டிச் சான்றிதழை இறந்த தேதிக்கு முன், பின் என்று இரண்டாகப் பிரித்துத் தரச் சொல்லுங்கள். கணக்கை மூடிய பிறகு கேட்டால் அந்தத் தாளை வாங்குவது பெரும்பாடு.